மோட்டாரை மாற்றும் முன் இலையை எடுங்கள்

தில்லியில் மார்ச் வாக்கில் வேம்பு இலை கொட்டும். அதைத் தொட்டாற்போல் அரசும் உதிர்க்கும். ஏப்ரல் பிறந்து வெயில் ஏறினால் செமல் மரத்துக் காய்கள் வெடித்துப் பஞ்சு பறக்கும். நாம் முள்ளிலவு என்று சொல்கிற மரம்தான் அது. மே, ஜூனில் 'ஆந்தி' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் புழுதிப் புயல் ராஜஸ்தான் பக்கமிருந்து வந்து இறங்கும். புது தில்லியைக் கட்டியவர்கள் சாலையோரங்களில் வேம்பும் நாவலும் மருதமும் புளியும் வரிசையாக நட்டுவைத்தார்கள். இன்று நகரத்தின் கார்கள் அந்த நிழலில்தான் நிற்கின்றன. நிழல் நல்லதுதான். ஆனால் மரத்தடியில் நிற்கும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், சல்லடை போல ஒரு தட்டு இருக்கிறது. காருக்குள் ஏசி இழுக்கும் வெளிக்காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது. இலைக்காம்பு, பஞ்சு, புழுதி எல்லாம் காற்றோடு அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அந்த வழியில் சற்று உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது ப்ளோயர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் விசிறி.

அன்றாடம் ஓடும் காரைவிட, வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது பெரிய தொல்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் வந்த போர்ஷே 911, பாக்ஸ்டர் போன்ற இறக்குமதிக் கார்கள், ரெனோ என்ஜினும் ஃபைபர் பாடியுமாகக் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்று இந்த வகைக் கார்கள் நம் நாட்டில் எண்ணிக்கையில் குறைவு. வைத்திருப்பவர்கள் உயிராக வைத்திருப்பார்கள். இரண்டு பேர் உட்காரும் சின்ன அறை. டாஷ்போர்டு முழங்காலுக்கு அருகிலேயே இருக்கும். உள்ளே ஒரு விசிறி கீச்சிட்டால் பெரிய காரில் கேட்பதைவிட இரண்டு மடங்கு உறுத்தும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே தீர்ப்பு: மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும். இந்தத் தீர்ப்பு அவசரமானது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். விசிறியின் சத்தத்துக்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் உண்டு. அந்தக் குரலைக் கேட்டுப் பிரித்தறிந்து, சுத்தம் செய்து, சரியான எண்ணெய் விட்டுப் பார்க்காமல் மோட்டாரை மாற்றுவது பணத்தையும், இனிமேல் கிடைக்காத ஒரு நல்ல பாகத்தையும் சேர்த்துத் தூக்கி எறிவதாகும்.

காருக்குள் ஏசி என்பது 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் காட்டிய புதுமை. வெப்பநிலையை ஒருமுறை சொல்லிவிட்டால் கார் தானாகவே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு 1964 மாடல் கேடிலாக்கில் வந்தது. அன்றிலிருந்து அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அணில் கூண்டு போன்ற ஒரு பிளாஸ்டிக் உருளை. அதன் விளிம்பைச் சுற்றிச் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய தகடுகள். நடுவில் ஒரு 12 வோல்ட் மோட்டார். உருளை சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வீசும். அந்தக் காற்று குளிர்ந்த காயிலின் மேலும், தேவைப்பட்டால் வெந்நீர் ஓடும் ஹீட்டரின் மேலும் போய் வென்ட் வழியாக நம் முகத்துக்கு வருகிறது. நடுவில் காற்றின் பாதையைத் திருப்பச் சில கதவுகள். அவற்றைத் திருப்பக் குட்டி மோட்டார்கள். 911இன் 964, 993 தலைமுறைகளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ப்ளோயர்கள். ஆகவே 'ஏசி சத்தம் போடுகிறது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாலைந்து குற்றவாளிகள் ஒளிந்திருக்க முடியும்.

அவர்களைப் பிரிக்க எந்தக் கருவியும் வேண்டாம். காரை அமைதியான இடத்தில் நிறுத்தி, என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வையுங்கள். ப்ளோயரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சத்தமும் படிப்படியாக ஏறினால் குற்றம் ப்ளோயரில். ப்ளோயர் அடங்கியிருக்க, என்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஏறும் சத்தம் என்றால் அது பெல்ட்டையோ கம்ப்ரஸரையோ சேர்ந்தது. டாஷ்போர்டைப் பிரிப்பது வீண். ஏசியைப் போட்டதும் காரின் முன்மூக்கிலிருந்து வரும் இரைச்சல் கண்டென்சர் விசிறியுடையது. இனி ப்ளோயருக்குள்ளேயே வருவோம். சுழற்சிக்குச் சுழற்சி 'டப் டப் டப்' என்று ஒரே தாளத்தில் அடித்து, வேகம் கூடியதும் தாளமும் நெருங்கினால் கூண்டில் ஓர் இலையோ காம்போ தட்டுகிறது. தட்டலே இல்லாமல், வேகம் கூடக் கூட டாஷ்போர்டே அதிர்ந்து உறுமினால் கூண்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜனவரிக் குளிரில் முதலில் போட்டதும் கீச்சென்று கத்தி, பத்து நிமிடத்தில் தானாக அடங்கினால் தண்டைத் தாங்கும் புஷ் எண்ணெய் வற்றிக் கிடக்கிறது. வெப்பநிலையை மாற்றும்போது மட்டும் உள்ளே 'கடக் கடக்' என்று கேட்டால் விசிறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கதவைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அதைச் செய்யாமல் ஸ்பானரை எடுக்கும் மெக்கானிக் நோயாளியின் நாடியைத் தொடாமல் கத்தியை எடுக்கும் வைத்தியருக்குச் சமம்.

எடை சாய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தில்லியின் புழுதி காரின் விசிறியைக் கெடுக்கும் விதமே இதுதான். கூண்டின் தகடுகள் உள்பக்கம் குழிந்தவை. அந்தக் குழிவில் தூசு படியும். மழைக்காலத்து ஈரம் பட்டால் களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எல்லாத் தகடுகளிலும் ஒரே அளவு படிந்தால் பாதகமில்லை. ஆனால் ஓர் இடத்தில் காய்ந்த பொருக்கு உதிர்ந்து மற்ற இடத்தில் அப்படியே நின்றால் சமநிலை போய்விடும். இரண்டு கிராம் மண், அதாவது ஒரு சிட்டிகை, கூண்டின் விளிம்பில் ஏழு சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் அந்தச் சிட்டிகை மண் தண்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 1.4 கிலோ எடைக்கு நிகர். அந்த இழுப்பு வினாடிக்கு 50 முறை திசை சுழன்று வருகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் இழுப்பு பாதியாகாது, கால் பங்காகும். இதனால்தான் முதல் படியில் ஒன்றுமே தெரியாமல், மூன்றாம் படியில் காரே உறுமுகிறது. இந்த இழுப்பை இரவு பகலாகத் தாங்குவது தண்டின் இரு முனையிலும் உள்ள சின்ன புஷ்கள். ஆகவே புஷ் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேய்த்தது மண். மண்ணை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால், அழுக்கான அதே கூண்டைப் புது மோட்டாரில் மாட்டினால், புது புஷ்ஷும் அதே வழியில் போகும்.

அடுத்த குற்றவாளி பலரும் பார்த்தே இராத ஒன்று. தானியங்கி ஏசி உள்ள பழைய கார்களில், பட்டன்கள் இருக்கும் முகப்பிலோ அதற்கு அருகிலோ சின்னதாக ஒரு சல்லடைத் திறப்பு இருக்கும். அதன் பின்னால் காருக்குள் எத்தனை டிகிரி என்று அளக்கும் சென்சார். நின்ற காற்றை அளந்தால் கணக்கு தவறும் என்பதால் அறையின் காற்றைச் சென்சார் மேல் இழுத்துவிட ஒரு குட்டி விசிறி வைத்தார்கள். போர்ஷே 911இன் 996 தலைமுறையிலும் அதன் உடன்பிறப்பான 986 பாக்ஸ்டரிலும், பிஎம்டபிள்யூவின் ஈ46 கார்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. தீப்பெட்டி அளவுகூட இராத இந்த விசிறி, சாவி போட்டிருக்கும் வரை ஓயாமல் சுற்றும். இருபது வருடம் தூசு இழுத்த பிறகு சுவர்க்கோழி மாதிரிக் கத்த ஆரம்பிக்கும். ப்ளோயரை முழுக்க நிறுத்திய பிறகும் டாஷ்போர்டுக்குள் ஒரு மெல்லிய கீச்சு தொடர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒரு டிஷ்யூ தாளில் விரல்நுனி அளவு கிழித்து அந்தச் சல்லடையில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் விசிறி ஓடுகிறது, விழுந்தால் நின்றுவிட்டது. நின்றுபோனதும் சத்தம் ஓய்ந்துவிட்டதே என்று மகிழ்பவர்கள் உண்டு. அது தவறு. சென்சார் மேல் தூசுப் படலமும் டாஷ்போர்டின் சூடும் சேர்ந்தால் அறை குளிர்ந்த பிறகும் சூடாகவே இருப்பதாக அது சொல்லும். ஏசி ப்ளோயரை உச்சத்திலேயே வைத்திருக்கும். சின்ன விசிறியின் மௌனம் பெரிய விசிறியின் கூச்சலாக மாறும். 2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டி நாடே பரபரத்ததும், சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை பிறகு விளக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். நகரத்துக்கு ஒரு சென்சார் செய்ததைக் காருக்குள் இந்தச் சென்சாரும் செய்யும்.

இப்போது எண்ணெய் விஷயம். ப்ளோயரின் புஷ் பெரும்பாலும் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த ஒரு சின்ன வளையம். பார்வைக்குக் கெட்டி உலோகம். உள்ளே பஞ்சு போல நுண்துளைகள். அந்தத் துளைகளில் தொழிற்சாலையிலேயே எண்ணெயை ஊற வைத்துவிடுவார்கள். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் வெளியே கசிந்து வழுக்கும். நின்று குளிர்ந்ததும் துளைகளுக்குள் திரும்பிப் போகும். அமெரிக்காவின் க்ரைஸ்லர் நிறுவனம் 1930 வாக்கில் இதை 'ஆயிலைட்' என்ற பெயரில் பெருமளவில் கொண்டுவந்தது. எண்ணெய் விடவே வேண்டாத தாங்கி என்பது அதன் பெருமை. ஆனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. தில்லிக் கோடையில் மூடிய காரின் டாஷ்போர்டுக்குள் ஏறும் சூட்டில் எண்ணெய் மெல்ல மெல்ல வற்றுகிறது. கீச்சுச் சத்தம் எண்ணெய் கேட்கும் குரல். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கைக்குக் கிடைத்த டபிள்யூடி-40 டப்பாவை எடுத்து அடிக்கிறார்கள். 1953இல் சான் டியேகோவில் ராக்கெட்டுக்கான உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விரட்டுவதற்காகக் கண்டுபிடித்த கலவை அது. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் பலித்ததைக் குறிக்கிறது. துருவை இளக்க அது நல்லது. புஷ்ஷில் அடித்தால் மிச்சமிருக்கும் பழைய எண்ணெயையும் கரைத்து வெளியேற்றிவிட்டு, தானும் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். ஒரு வாரம் நிசப்தம், பிறகு முன்னைவிடப் பெரிய கீச்சு. கிரீஸும் கூடாது, நுண்துளைகளின் வாயை அடைத்துவிடும். என்ஜின் ஆயிலில் அழுக்கை ஏந்திக்கொள்ளும் சேர்மானங்கள் இருப்பதால் அதுவும் இந்த வேலைக்குப் பொருந்தாது. சேர்மானம் இல்லாத மெல்லிய டர்பைன் ஆயில் இரண்டு மூன்று சொட்டு போதும். குட்டி சென்சார் விசிறிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, குண்டூசி முனையில் எடுத்து வைத்தால் ஆயிற்று. அதிகமாக விட்டால் எண்ணெய் தண்டு வழியே இறங்கி கார்பன் பிரஷ்ஷில் பட்டு, கரித்தூளோடு சேர்ந்து பிசினாகும். அப்போது மோட்டார் நிஜமாகவே போய்விடும்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைக் காரின் சொந்தக்காரர் தெரிந்து வைத்திருப்பது நல்லது, அவர் கையால் செய்யாவிட்டாலும். 986, 996 கார்களில் என்ஜின் முன்னால் இல்லை. முன்பெட்டியின் பின்சுவரை ஒட்டிப் பேட்டரி இருக்கும் பகுதியில்தான் காற்று உள்ளே வரும் வழி. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். மேல்மூடிகளை எடுத்தால் கேபின் ஃபில்டர் தெரியும். தில்லியில் இரண்டு வருடம் மாற்றாத ஃபில்டர் பழைய மிதியடி நிறத்தில் இருக்கும். ப்ளோயரை வெளியே எடுத்ததும் கூண்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுற்றி, சத்தமில்லாமல் நின்றால் நல்ல அறிகுறி. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்துவிட்டது என்று பொருள். கூண்டின் தகட்டில் எங்காவது சின்னதாக ஓர் உலோகக் கிளிப் மாட்டியிருக்கலாம். ஏதோ வெளிக்குப்பை என்று நினைத்து அதைப் பிடுங்கிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தொழிற்சாலையில் சமநிலை பார்த்து மாட்டிய எடை அது, போனால் போனதுதான். கூண்டைத் தண்டிலிருந்து கழற்ற நேர்ந்தால் இரண்டிலும் நேர்கோட்டில் ஒரு மார்க்கர் புள்ளி வைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு ஒவ்வொரு தகடாகத் தேய்த்துக் கழுவலாம். மோட்டாரில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. கம்ப்ரஸர் காற்று அடிக்கும்போது கூண்டைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது வீறிட்டுச் சுழல்வதை வேடிக்கை பார்ப்பது ஆபத்து. கூண்டு தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் வெடிக்கலாம். இணைப்பு மாட்டியிருந்தால் மோட்டார் டைனமோவாகி, எதிர்ப்பக்கம் உள்ள மின்னணுப் பெட்டிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம். பிறகு மோட்டாரை உலரவிட்டு, பிரஷ்ஷின் கரித்தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, எண்ணெய்ச் சொட்டு வைத்து, மேசை மேலேயே 12 வோல்ட் கொடுத்து ஓடவிட்டுக் கேட்க வேண்டும். காரில் மாட்டிய பிறகு கேட்பது தாமதம்.

இவ்வளவு பாடு எதற்கு, புது மோட்டார் போட்டால் அரை நாளில் முடியுமே என்ற மறுப்பு நியாயமானது. மாருதி காராக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். அந்தக் கார்களுக்கான ஏசிப் பாகங்களை சுப்ரோஸ் போன்ற நிறுவனங்கள் தில்லிக்கு அருகிலேயே செய்கின்றன. காஷ்மீரி கேட் ஆட்டோ மார்க்கெட்டில் கேட்டால் அன்றே கிடைக்கும். எப்போதோ நின்றுபோன மாடலுக்கு அந்த வசதி இல்லை. பாகம் கடல் தாண்டி வர வேண்டும், சுங்கவரி சேரும், இடப்பக்க ஸ்டியரிங் நாட்டுக்குச் செய்த பாகம் நம் வலப்பக்க ஸ்டியரிங் காருக்குப் பொருந்துமா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். குட்டி சென்சார் விசிறிக்கு இன்னொரு சங்கடம்: அது தனிப் பாகமாக விற்பனைக்கு வராமல், பட்டன் முகப்பு முழுவதையும் வாங்க வேண்டிய நிலை வரலாம். ஒரு சொட்டு எண்ணெயில் தீர வேண்டியதற்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் விலை. மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ உடைத்த காரின் ப்ளோயர் கிடைக்கும் என்பார்கள். கிடைத்தாலும் அதன் வயதும் உங்கள் ப்ளோயரின் வயதும் ஒன்றுதானே? அதையும் இதே மாதிரி கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டுத்தான் மாட்ட வேண்டும். தண்டு நிஜமாகவே ஆட்டம் கண்டிருந்தால் எண்ணெய் உதவாது. புஷ் மாற்றத்தான் வேண்டும். வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் அளந்து கொடுத்தால் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் அதற்கு நிகரானதைத் தேடித் தருவார். மோட்டாருக்குப் பேர்போன கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை.

சத்தம்தானே, பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போயிற்று என்ற இன்னொரு மறுப்பை ஏற்க முடியாது. பழைய கார்களில் ப்ளோயரின் வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர் என்னும் ஒரு சுருள். மின்சாரத்தில் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை மோட்டாருக்கு விடும். அந்தச் சுருள் சூடாகாமல் இருக்க அதைக் காற்றோட்டத்தின் நடுவிலேயே வைத்திருப்பார்கள். எண்ணெய் வற்றித் திணறும் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். சுருள் கூடுதலாகச் சுடும். ஃபில்டரும் கூலிங் காயிலும் மண்ணால் அடைத்திருந்தால் சுருளைக் குளிர்விக்கக் காற்றும் வராது. வேக்குவம் கிளீனரின் குழாய் வாயைக் கையால் மூடினால் அதன் குரல் கீழே இறங்காமல் மேலே ஏறும், கவனித்திருப்பீர்கள். இழுக்கக் காற்று இல்லாததால் சுமை குறைந்து வேகம் கூடுகிறது. ப்ளோயரின் குரல் ஏறி, முகத்துக்கு வரும் காற்று குறைந்திருந்தால் அதே கதைதான். சுருள் எரிந்துபோனால் உச்ச வேகம் மட்டும் வேலை செய்யும், மற்றப் படிகள் செத்துவிடும். பிளாஸ்டிக் கனெக்டர் உருகிக் கருகி இருப்பதையும் அப்போது பார்க்கலாம். டாஷ்போர்டுக்குள் கருகல் வாடை வந்த பிறகு பாட்டின் சத்தம் உதவப் போவதில்லை.

தில்லிக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுவடைத் தாளை எரிக்கும் புகையும் நகரத்தின் சொந்தப் புகையும் கலந்து கவியும்போது, எல்லோரும் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி சேர்ந்துகொள்கிறது. உள்காற்றே சுற்றினால் மூச்சின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் முன்கண்ணாடியில் படியும். அதைத் துடைக்கக் கையால் தேய்ப்பார்கள், துணியால் தேய்ப்பார்கள். தீர்வு ஏசியைப் போட்டு ஈரத்தை உறிஞ்சி, வெளிக்காற்றைத் திறந்து, ப்ளோயரை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்புவது. குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சத்தத்துக்குப் பயந்து ப்ளோயரை முதல் படியிலேயே வைத்திருப்பவர், யமுனைப் பாலத்தில் மூடுபனிக்குள் போகும்போது பாதி தெரியும் கண்ணாடி வழியே ஓட்டுகிறார். தாழ்ந்து சாய்ந்த கண்ணாடியும் சின்ன அறையும் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் ஈரம் இன்னும் சீக்கிரம் படியும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு சட்டம் பற்றியது. தில்லியில் பழைய காருக்கு ஆயுள் முடிந்துவிட்டதே, அதன் விசிறிக்கு எண்ணெய் விட்டு என்ன பயன்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் 15 ஆண்டு தாண்டிய வண்டிகளையும், 2015 ஏப்ரலில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளையும் தில்லிச் சாலைகளில் தடை செய்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருளே தரக்கூடாது என்ற உத்தரவு வந்து, சில நாட்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 என்னும் புகை உமிழ்வுத் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. தில்லியில் பிஎஸ்-4 வந்தது 2010 ஏப்ரலில். அதற்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. விண்டேஜ் என்ற சலுகையும் அவற்றுக்கு இல்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆனால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். தில்லியின் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் ஒரு காரின் மீதான பாசம் சின்னதுதான். விசிறியைச் சரி செய்வதால் புகைக்குழாய் சுத்தமாகிவிடாது என்பதையும் ஒளிக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த மறுப்பிலிருந்து 'ஆகவே பழுதுபார்க்காதே' என்ற முடிவு வராது. இத்தகைய கார்களைத் தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு மாற்றும் வழி இருக்கிறது. அப்படிப் போகும் கார் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ இன்னும் பல ஆண்டு ஓடலாம். அந்த ஊர்களின் வெயிலில் ப்ளோயர் ஓயாமல் ஓட வேண்டியிருக்கும். 2010க்குப் பிந்தைய கார் வைத்திருப்பவருக்கோ வண்டி தில்லியிலேயே தொடர்கிறது. அதன் விசிறிக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

எனவே ஒர்க்‌ஷாப்பில் மூன்று கேள்வி கேளுங்கள். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டு ப்ளோயரை ஒவ்வொரு படியாகக் கேட்டீர்களா? கூண்டைக் கழற்றிப் பார்த்தீர்களா? தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா? மூன்றுக்கும் பதில் சொல்பவர் மோட்டாரை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். பதில் சொல்லாதவரிடம் மோட்டாரை ஒப்படைக்காதீர்கள். கழற்றிய பழைய மோட்டாரைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அடுத்தவர் காருக்கு அது தேவைப்படலாம். வருடத்துக்கு இரண்டு முறை, வேம்பு இலை கொட்டி முடிந்ததும் ஒருமுறை, ஆந்தி ஓய்ந்து மழை தொடங்கும் முன் ஒருமுறை, வைப்பருக்குக் கீழே உள்ள அந்தத் தட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டு இலையை அள்ளிப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்கு ஒரு ஸ்குரூடிரைவரும் கால்மணி நேரமும் போதும்.